பிஸ்கட் உடைந்தது யாரால்

என் அண்ணிக்குக் கோபமே வராது என்று சொல்கிறவர்கள் அவளோடு ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள் இல்லை. நான் இருக்கிறேன். அண்ணன் அவளைக் கல்யாணம் செய்து கூட்டிவந்த நாளிலிருந்து, அதே வீட்டு முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாத்தனார் நான். அவளுடையது கத்துகிற கோபம் இல்லை, கறுவுகிற கோபம். கத்துகிறவர்களை நம்பலாம். கத்தி முடித்துவிட்டுச் சாப்பிட வந்துவிடுவார்கள். அண்ணி சாப்பிட்டுக்கொண்டே கறுவுவாள்.

அவள் படித்தது உணவுத் தொழில்நுட்பம். ஊர்க்கோடியில் இருந்த பிஸ்கட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, ஓவன் பகுதிக்கே பொறுப்பாளராகி, தலையில் முதல் நரை எட்டிப்பார்க்கும்வரை அங்கேயே இருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு தட்டில் பிஸ்கட் வைத்தால் போதும், ஒன்றை எடுத்து முதுகைத் திருப்பிப் பார்த்து, "அடியில சூடு பத்தல" என்பாள். வந்தவர் கடித்த பிஸ்கட்டை என்ன செய்வது என்று தெரியாமல் முழிப்பார். "நீங்க சாப்பிடுங்க, இவ இப்படித்தான்" என்று அண்ணன் சமாளிப்பார். அண்ணன் பஸ் டிரைவர். வழியில் கைகாட்டுகிற எல்லாரையும் ஏற்றிக்கொள்கிற மனசு அவருக்கு.

அந்தத் தொழிற்சாலைக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வந்தான். தொழிலாளிகள் வைத்த பெயர் இஸ்திரி. ஓவன் பகுதிக்கு வந்துவிட்டுப் போனாலும் அவன் சட்டை மடிப்பு கலையாது. வியர்க்கிற இடத்தில் அவன் நின்றால்தானே கலையும்? சட்டையைவிட மோசம் அவனுடைய இன்னொரு பழக்கம். காலையில் அண்ணி அவன் காதில் போட்ட யோசனை, மதியத்துக்குள் முதலாளியின் காதுக்கு அவனுடைய யோசனையாகப் போய்ச் சேர்ந்துவிடும். மீட்டிங்கில் அடுத்தவர் வாயைத் திறப்பதற்குள் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொள்வான். நோகாமல் நுங்கு தின்கிற ரகம்.

பிஸ்கட் செய்வதில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அண்ணி சொல்லித் தெரிந்ததுதான். ஓவனிலிருந்து சூடாக வெளியே வருகிற பிஸ்கட், நீளமான ஒரு பெல்ட்டில் ஊர்ந்து ஊர்ந்து ஆறவேண்டும். வேகும்போது ஓரம் காய்ந்துவிடும், நடுவில் கொஞ்சம் ஈரம் இருக்கும். ஆற அமர ஆறினால் இரண்டும் ஒன்றுக்கொன்று சமாதானமாகிவிடும். அவசரப்பட்டு மின்விசிறியை வைத்துக் குளிரவைத்துப் பாக்கெட்டில் போட்டால், உள்ளே ஈரம் ஓரத்துக்கு நகர்ந்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். கட்டும்போது முழுசாக இருக்கும். மறுநாள் பாக்கெட்டைப் பிரித்தால் எல்லாம் இரண்டாகியிருக்கும்.

இஸ்திரி அந்தப் பெல்ட்டைப் பாதியாக வெட்டச் சொன்னான். மிச்சமாகிற இடத்தில் இன்னொரு பாக்கெட் கட்டுகிற மெஷின் வைக்க வேண்டுமாம். அண்ணி அவன் அறைக்கே போய்ச் சொன்னாள்.

"சார், பிஸ்கட்டுக்கும் மூச்சுவிட நேரம் வேணும். பெல்ட்டைக் குறைச்சா மறுநாள் எல்லாம் உடையும்."

"ஃபேன் வெச்சுக்கலாம் மேடம். நீங்க ஓவனைப் பாருங்க, போதும்."

உடைந்தது. கடைக்காரர்கள் லாரி லாரியாகத் திருப்பி அனுப்பினார்கள். முதலாளி எல்லாரையும் பெரிய ஹாலில் கூட்டிவைத்து, இது யாருடைய வேலை என்று கேட்டார். இஸ்திரி எழுந்து நின்றான். "ஓவன் இன்சார்ஜ்தான் சார் காரணம். சூட்டைக் கவனிக்கத் தெரியல" என்றான். மாவு தள்ளுகிற பெண்கள், பாக்கெட் ஒட்டுகிற பெண்கள், அண்ணி கைப்பிடித்து வேலை கற்றுக்கொடுத்தவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். அண்ணி பதில் சொல்ல எழுந்தபோது முதலாளி வெளியே போய்க்கொண்டிருந்தார். அந்த வாரமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வேலை போனதற்கு அவள் அழவில்லை. கடைக்குப் போன இடத்தில், அவளிடம் வேலை கற்ற பெண் ஒருத்தி, "பரவால்ல விடுங்க மேடம், யாருக்குத்தான் தப்பு நடக்கல" என்று ஆறுதல் சொன்னாளாம். அன்றைக்குத்தான் அழுதாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறவர்கள் எல்லாம் நல்லவர்களாகவே இருக்கிறார்கள். நான் மெஷினை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அவன் நாசமாப் போவான் அண்ணி" என்றேன்.

"நாசமாப் போறதெல்லாம் எனக்கு வேணாம். 'உடைஞ்சதுக்குக் காரணம் அவங்க இல்ல, நான்தான்'னு அவன் வாயால சொல்லணும். நான் எதிர்ல ஒக்காந்து கேக்கணும். அது போதும்."

"விட்டுத் தள்ளு. ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்றார் அண்ணன், ஷூவைக் கழற்றியபடி.

"நான் ஆறல" என்றாள் அண்ணி.

கொஞ்ச நாளில் ஓர் ஆலோசனை நிறுவனத்திலிருந்து கூப்பிட்டார்கள். உணவுத் தொழிற்சாலைகளுக்குப் போய், எது சரியில்லை, எதை மாற்றலாம் என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்கள். அங்கே இருந்த பிள்ளைகள் கணக்கில் புலி, பேச்சில் புலி. ஆனால் பிஸ்கட்டை டீயில் தோய்க்கும்போது மட்டும்தான் பார்த்தவர்கள். தொழிலில் ஊறின ஓர் ஆள் அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்று நான் கிண்டல் செய்தேன். "விழாம இருக்கத்தான் என்னைக் கூப்பிடறாங்க" என்றாள். நான் அவளுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டு தைத்துக்கொடுத்தேன். இடது தோளை மட்டும் இரண்டு முறை பிரித்துத் தைக்கவேண்டியிருந்தது. இத்தனை வருஷம் ஓவன் கண்ணாடியில் எட்டி எட்டிப் பார்த்து அந்தத் தோள் இறங்கியிருந்தது.

ஆரம்பத்தில் பட்ட பாடு சொல்லி மாளாது. அவள் வயதில் பாதிகூட இல்லாத டீம் லீடர் பெண், "மேடம், நேரா பதிலைச் சொல்லிடாதீங்க. நாம அவங்க பிரச்சனையைப் புரிஞ்சுக்கிட்டோம்னு முதல்ல காட்டணும்" என்பாளாம். ஒரு பேக்கரிக்குள் நுழைந்த உடனே, "உங்க ஓவன் கதவு சரியா மூடல" என்று அண்ணி சொல்லிவிட்டதற்காக அரைமணி நேரம் பாடம் நடந்திருக்கிறது. கதவு மூடவில்லை என்பது உண்மை. ஆனால் அதைக் கடைசி நாளில் பெரிய திரையில் போட்டுத்தான் சொல்லவேண்டுமாம்.

இதையெல்லாம்விட அவளுக்குச் சிரிப்பு வந்தது இன்னொரு வழக்கத்தைப் பார்த்து. ஒரு வேலையை எடுத்தவுடன், எதையும் சோதித்துப் பார்க்காமலேயே, காரணம் இதுதானாக இருக்கும் என்று ஓர் ஊகத்தை விடை மாதிரியே எழுதிவிடுவார்கள். அப்புறம்தான் அது சரியா என்று பார்ப்பார்கள். தவறென்றால் கிழித்துப்போட்டுவிட்டு அடுத்ததை எழுதுவார்கள். போதாததற்கு, எழுதினதையெல்லாம் அந்தத் தொழிற்சாலை அதிகாரிகளிடம் அவ்வப்போது காட்டிக்கொண்டே வருவார்கள். கடைசிக் கூட்டத்தில் யாரும் திடுக்கிட்டுவிடக் கூடாது, அதற்காக.

"சாப்பிடறதுக்கு முன்னாடியே ஏப்பம் விடற மாதிரியில்ல இருக்கு?" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா விஷயம் தெரிஞ்சவங்களுக்கு அது வெறும் ஏப்பம்னு புரியும்" என்றாள்.

அவள் அங்கே காலூன்றி நின்றபோது அந்தப் பிஸ்கட் தொழிற்சாலையிலிருந்தே அழைப்பு வந்தது. அண்ணி போன பிறகும் பிஸ்கட் உடைவது நிற்கவில்லை. யார்மேல் பழியைப் போட்டானோ அவள் இல்லாமலும் உடைந்தால் என்ன சொல்வான்? மெஷின் பழசு, மழைக்காலம், லாரி டிரைவர் சரியில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஓட்டியிருக்கிறான். முதலாளிக்குப் பொறுமை போய், வெளியாட்களைக் கூப்பிட்டுவிட்டார். ஆலோசனை நிறுவனத்தின் பார்ட்னர், அதாவது அங்கே கிட்டத்தட்ட முதலாளி மாதிரி இருப்பவர், அண்ணியைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"நீங்க அங்க இருந்தவங்கதானே? போனா சங்கடமா இருக்குமா?"

"எனக்கு இருக்காது சார்" என்றாளாம்.

முதல் நாளே டீம் பிள்ளைகள் கூடி ஊகம் எழுதினார்கள். மாவு சரியில்லை என்பது முதலில் வந்தது. புதிதாகப் பார்க்கிற யாருக்கும் மாவுதான் தோன்றும். பெல்ட்டையும் சோதிக்கவேண்டும் என்று அண்ணி தன் டீமிடம் சொல்லிவிட்டு, அதைத் தானே பார்த்துக்கொள்வதாக ஏற்றுக்கொண்டாள். அப்புறம் வழக்கப்படி, அதுவரை எழுதினதை எடுத்துக்கொண்டு இஸ்திரியின் அறைக்குக் காட்டப் போனாள். ஒவ்வொரு பக்கத்திலும் கொட்டை எழுத்தில் 'வரைவு' என்று இருந்தது.

"வாங்க மேடம், வாங்க! உங்களை மாதிரி அனுபவசாலி வெளியில போனது எங்களுக்குத்தான் நஷ்டம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டானாம். டீ வரவழைத்தானாம். காகிதத்தைப் பார்த்ததும் கண் முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

"மாவா? உறுதியா?"

"இல்ல சார். இன்னும் எதையும் சோதிக்கல. வெறும் ஊகம்."

தலையாட்டினான். அன்றைக்குச் சாயங்காலமே முதலாளியிடம் போய், வெளியாட்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே தான் கண்டுபிடித்துவிட்டதாகவும், கோளாறு மாவில்தான் என்றும் அடித்துச் சொல்லிவிட்டான். பழைய மாவு மில்லை நிறுத்தி, அதிக விலைக்கு வேறு மாவு இறக்கினார்கள். அந்த மாவில் செய்த பிஸ்கட்டும் உடைந்தது. இந்த முறை திருப்பி அனுப்பியது அவர்களுடைய மிகப் பெரிய வாடிக்கையாளர்.

"அண்ணி, வேணும்னுதானே அவன்கிட்ட காட்டினீங்க?" என்று கேட்டேன்.

"எல்லா அதிகாரிகிட்டயும் காட்டணும்கிறது எங்க வழக்கம். சோதிக்கலன்னு வேற வாயால சொன்னேன். அதுக்குமேல அவன் கையைப் புடிச்சு உக்கார வெக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டாள். எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. யாரோ ஒருவருடைய ரவிக்கைக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன்.

கடைசிக் கூட்டத்தில் அண்ணி மேஜைமேல் இரண்டு வரிசை பாக்கெட் வைத்தாள். இரண்டும் ஒரே மாவு, ஒரே ஓவன், முந்தின நாள் சுட்டது. ஒன்று வெட்டின பெல்ட்டில் ஃபேன் காற்றில் ஆறியது. இன்னொன்றைப் பழைய பெல்ட்டின் நீளத்துக்கு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, ஆட்களை நிறுத்திக் கையாலேயே நகர்த்தி ஆறவைத்திருந்தாள். முதலாளியே பிரித்துப் பார்த்தார். ஒரு வரிசையில் எல்லாம் முழுசு. இன்னொன்றில் எல்லாம் துண்டு.

"பெல்ட்டை வெட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

எல்லாரும் இஸ்திரியைப் பார்த்தார்கள். அவன் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தான். எத்தனை முறை கேட்டும் பேச்சு வரவில்லை, வாயில் கொழுக்கட்டைதான். அந்த மாதமே அவனை அனுப்பிவிட்டார்கள்.

நான் தெருமுனை வரை போய் இனிப்பு வாங்கிவந்தேன். அண்ணி ஒன்றுகூட எடுக்கவில்லை.

"கீழ விழுந்தான். ஆனா வாயத் தொறக்கலையே" என்றாள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. பிஸ்கட், ரொட்டி வேலைகள் நிறைய வர ஆரம்பித்ததால், அண்ணி மாதிரியே தொழில் தெரிந்த இன்னொருவரை ஆலோசனை நிறுவனம் தேடியது. விண்ணப்பங்களில் ஒன்று இஸ்திரியுடையது. பார்ட்னர் அண்ணியிடம் கேட்டார். "நேர்ல பேசிப் பார்க்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு வீடு இரண்டுபட்டது.

"எடுத்துடுங்க அண்ணி. எடுத்து உங்களுக்குக் கீழ போட்டு, தெனமும் நாலு வாட்டி காகிதத்தை மாத்தி எழுத வையுங்க" என்றேன் நான்.

"அவனுக்கும் குடும்பம் இருக்கு. வயித்துப் பொழப்புல கை வெக்காத" என்றார் அண்ணன்.

"எனக்கு இருந்தது என்ன, குருவிக்கூடா?" என்றாள் அண்ணி.

அவள் இரண்டு பேர் பேச்சையும் கேட்கப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நேர்காணல் ஒரு கண்ணாடி அறையில் நடந்தது. ஒரு பக்கம் பார்ட்னரும் அண்ணியும், எதிரே இஸ்திரி. அங்கே வேலைக்கு வருகிற யாருக்கும் கற்பனையாக ஒரு தொழிற்சாலையைச் சொல்லி, அதன் கோளாறைக் கண்டுபிடிக்கச் சொல்வது வழக்கம். கேள்வி கேட்கும் பொறுப்பு அண்ணியுடையது.

"ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. பாக்கெட் கட்டும்போது எல்லாம் முழுசா இருக்கு. மறுநாள் பிரிச்சா உடைஞ்சிருக்கு. எங்க பார்ப்பீங்க?"

பார்ட்னர் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். இஸ்திரி ஒரு மூச்சுகூடத் தாமதிக்கவில்லை.

"ஆறுற பெல்ட்டைப் பார்ப்பேன். குட்டையா இருக்கும்" என்று ஆரம்பித்து, ஓரம், நடு, ஈரம், விரிசல் என்று ஒன்று விடாமல் சொன்னான். கடைசியில், "பிஸ்கட்டுக்கும் மூச்சுவிட நேரம் வேணும் சார்" என்றான்.

தான் எச்சரித்தது அவன் காதில் ஏறவே இல்லை என்றுதான் அதுவரை அண்ணி நினைத்திருந்தாள். அன்றைக்கு அவன் அறையில் அவள் சொன்ன ஒரு சொல்லைக்கூட அவன் மறக்கவில்லை. ஹாலில் எழுந்து அவள்மேல் கையை நீட்டினபோது, அவள் எச்சரித்தது நினைவிருந்தேதான் நீட்டியிருக்கிறான்.

பார்ட்னருக்கு ஒரே திருப்தி. எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை அவனிடமும் கேட்டார். "உங்க தொழில்ல நீங்க செஞ்ச பெரிய தப்பு எது?"

இஸ்திரி குரலைத் தாழ்த்தினான். "எனக்குக் கீழ ஒரு அம்மா வேலை பார்த்தாங்க சார். பெல்ட்டை வெட்டாதீங்கன்னு அப்பவே சொன்னாங்க. நான் கேக்கல. பழியையும் அவங்க மேலேயே போட்டுட்டேன். உடைஞ்சதுக்குக் காரணம் அவங்க இல்ல, நான்தான். அதுலேர்ந்து ஒரு பாடம் கத்துக்கிட்டேன் சார். கீழ இருக்கறவங்க சொல்றதைக் காது கொடுத்துக் கேக்கணும்."

எத்தனை நாள் ஏங்கின வாக்கியம்! சொல் மாறாமல் வந்து விழுந்தது. அவன் அதைப் பார்ட்னரின் டையைப் பார்த்துச் சொன்னான். பார்ட்னர் மனம் இளகித் தலையாட்டினார். அண்ணிக்கு நெஞ்சு குளிரவில்லை, எரிந்தது. யோசனையைத் திருடினான், பொறுத்தாள். கடைசியில் அவள் பட்ட அவமானத்தையும் எடுத்து, மடித்து, இஸ்திரி போட்டு, தன் பெருமையாக விற்றுக்கொண்டிருக்கிறான்.

"அந்த அம்மாகிட்ட இதை எப்பவாவது சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். நடுவில் ஒரு மேஜைதான் இருந்தது.

"இல்ல மேடம். சந்தர்ப்பம் அமையல."

அவனை வெளியே உட்காரச் சொல்லி அனுப்பினார்கள். அங்கே இரண்டு பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் எடுக்க மாட்டார்கள். ஆனால் காரணம் சொல்லவேண்டும்.

"நல்ல ஆளா தெரியறாரும்மா. தப்பை ஒத்துக்கற மனசு எத்தனை பேருக்கு வரும்?" என்றார் பார்ட்னர்.

"வேண்டாம் சார்."

"காரணம்?"

"பழி."

சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். "அப்படியெல்லாம் போட முடியாதும்மா. பொருத்தமில்லன்னு போட்டுக்கறேன்."

"பொருத்தமானவர்தான் சார். தொழில் தெரிஞ்சவர்தான். என்னை அனுப்பறப்ப பொய்க் காரணம் சொன்னாங்க. நானும் அதையே செய்ய மாட்டேன். பழின்னே போடுங்க."

அதன்பிறகு அவர் அவளை எந்த நேர்காணலிலும் உட்கார வைத்ததில்லை. அண்ணியும் ஏன் என்று கேட்டதில்லை.

அவள் வெளியே வந்தபோது இஸ்திரி லிஃப்ட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கையில் கோட்டு. சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது.

"மேடம், உள்ள நான் சொன்னது உங்களுக்காகத்தான்."

"எனக்காகன்னா என்னைப் பார்த்துச் சொல்லியிருப்பீங்க சார்."

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. உள்ளே போய்த் திரும்பி நின்றவன், கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, "வேலை கிடைக்குமா மேடம்?" என்று கேட்டான்.

அண்ணி அவன் கண்ணைப் பார்த்தே சொன்னாளாம்.

"கிடைக்காது சார். காரணம் நான்தான்."